கணுவுக்குள் காவல்

ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாத நீளம், சில மில்லிமீட்டர் அகலம். சட்டைப் பொத்தானைப் பக்கவாட்டில் செருகினால் நுழையலாம், அவ்வளவுதான் அந்தக் கீறல். களக்காடு முண்டந்துறை மலைகளில், ஓடையோரம் வளர்ந்து நிற்கும் ஈத்தை என்ற மூங்கிலின் தூறுகளில், கணுவை ஒட்டினாற்போல் அது இருக்கும். பெரும்பாலும் நம் கண்ணில் படாது. பட்டாலும் பூச்சி அரித்த ஓட்டை என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். ஆனால் ஒரு தவளை இனத்தின் அடுத்த தலைமுறை அந்தக் கீறலுக்குப் பின்னால்தான் பிறக்கிறது. தந்தை உள்ளே இருக்கிறது. முட்டைகள் பக்கத்தில் இருக்கின்றன.

ராவோர்கெஸ்டிஸ் கலாசோடெஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தமிழில் வெண்புள்ளிப் புதர்த்தவளை என்று சொல்லலாம். திருவிதாங்கூரிலிருந்து லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிகளைப் பார்த்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் 1876இல் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதோடு சரி. அதன் பிறகு இந்தத் தவளையைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. காடுகள் தேயிலைத் தோட்டங்களாயின, ஆறுகளுக்குக் குறுக்கே அணைகள் எழுந்தன, திருவிதாங்கூர் என்ற சமஸ்தானமே வரலாறாகிப்போனது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி. பிஜு, காணாமற்போன இந்தியத் தவளைகளைத் தேடும் ஒரு முயற்சியை 2010 நவம்பரில் தொடங்கினார். 2011 பிப்ரவரியில் ஐந்து இனங்கள் மீண்டும் கிடைத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. அவற்றில் மிக நீண்ட காலம் மறைந்திருந்தது இதுதான், 130 ஆண்டுகளுக்கும் மேல். உயிரினங்களின் அழிவு அபாயத்தைத் தரப்படுத்தும் செம்பட்டியலில் அப்போது இதற்குக் கிடைத்திருந்த இடம், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களின் வரிசை.

இவ்வளவு காலம் எப்படித் தப்பியது என்பதற்கு அதன் உருவமும் இருப்பிடமுமே பதில். முழு வளர்ச்சியடைந்த தவளையே ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். முதுகு முழுக்கத் தளிர்ப்பச்சை, அதன்மேல் வெளிறிய நுண்புள்ளிகள். தொடைகளின் மறைந்த பக்கத்தில் சாம்பல் கலந்த நீலம். கரிய கண்மணியில் பொன்னிறத் தீற்றல், தவளைகளில் அரிதாகவே காணக்கிடைக்கும் அழகு. பகலில் வெளியே தலைகாட்டாது. மழையிரவில் ஈத்தைக் காட்டுக்குள் நின்றால் குரல் மட்டும் கேட்கும். குரல் வரும் திசையில் விளக்கை அடித்தால் வழுவழுப்பான பச்சைத் தண்டுகளைத் தவிர ஒன்றும் தெரியாது. குரல் அந்தத் தண்டுகளுக்குள்ளிருந்து வருகிறது.

ராவோர்கெஸ்டிஸ் என்ற பேரினம் தனியாகப் பிரிக்கப்பட்டதே 2010இல்தான். இந்தியத் தவளை ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான சி.ஆர். நாராயண ராவை நினைவுகூரும் பெயர் அது. இந்தப் பேரினத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன, மிகப் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் மலைத்தொடரைத் துண்டுபோட்டிருக்கின்றன. குளிரும் ஈரமும் இல்லாமல் வாழ முடியாத சிறு தவளைகளுக்கு, வெயில் காயும் கணவாய் கடக்க முடியாத எல்லை. ஆக, ஒவ்வொரு மலைத்துண்டிலும் தனித்தனி இனங்கள் கிளைத்தன. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள அகத்தியமலைத் தொகுதிக்கென்றே சில இனங்கள் உண்டு. நீலகிரியில் கேட்கும் குரல் வேறு, பொதிகையில் கேட்கும் குரல் வேறு.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம், தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது என்பது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் படம் வரைந்து பாகம் குறித்த வாழ்க்கைச் சுழற்சியில் குளத்துத் தண்ணீரில் முட்டை, பிறகு வாலோடு நீந்தும் தலைப்பிரட்டை, பிறகு கால் முளைத்த குட்டி என்று வரிசையாக வரும். புதர்த்தவளைகள் அந்த நடுப்பகுதி முழுவதையும் முட்டைக்குள்ளேயே முடித்துக்கொள்கின்றன. அதற்கு வேண்டிய உணவு மஞ்சள்கருவில் இருக்கிறது. அதனால் முட்டை பெரிது, எண்ணிக்கை குறைவு. குளத்தில் முட்டையிடும் தவளை ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில், சில இனங்கள் ஆயிரக்கணக்கில் இட்டுவிட்டுப் போய்விடும். வெண்புள்ளிப் புதர்த்தவளை இடுவது ஐந்திலிருந்து எட்டு.

மூடிய கோளத்துக்குள் கருவுக்கு மூச்சு வேண்டுமே! இப்படி நேரடியாக வளரும் தவளைகள் சிலவற்றில் கருவின் வால்தான் அந்த வேலையைச் செய்கிறது. நீந்துவதற்குத் தேவையில்லாமல் போன வால், மெல்லிய சவ்வாக விரிந்து, இரத்தக் குழாய்கள் நிறைந்து, முட்டையின் உட்சுவரை ஒட்டிக்கொண்டு காற்றை வாங்கித் தருகிறது. பொரிந்து வெளியே வருவது நான்கு காலும் உள்ள முழுத் தவளை. அளவு மட்டும்தான் சிறிது.

எதற்கு இத்தனை மெனக்கெட வேண்டும்? மலை ஓடையை மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நேற்று முழங்கால் அளவு ஓடிய தண்ணீர் இன்று பாறையைப் புரட்டும். அமைதியான இடங்களிலோ மீன், நண்டு, தும்பியின் இளவுயிரி, நீர்ப்பாம்பு எல்லாம் காத்திருக்கும். முட்டையைத் தண்ணீரில் விடாமல் இருக்க மரத்தவளைக் குடும்பம் கண்டுபிடித்த வழிகள் ஒன்றா இரண்டா! நம் கிராமங்களில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புநிற மரத்தவளை நுரையைக் கடைந்து கூடு கட்டும். மலபார் பறக்கும் தவளை அதே நுரைக்கூட்டைக் குட்டைக்கு மேலே தொங்கும் இலைகளில் வைக்கும், பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழும். குடகு, வயநாடு பகுதியின் ஒரு சிறு மரத்தவளையில் தாய் தன் கால்களாலேயே இலையை மடித்து முட்டைகளைப் பொதிந்துவைக்கும். வடகிழக்கு இந்தியாவின் ஃபிராங்கிக்சலஸ் மரப்பொந்தில் தேங்கிய நீரில் முட்டையிடும், அங்கே தாய் பின்னால் இடும் முட்டைகளைத் தின்றே தலைப்பிரட்டைகள் வளரும். அதையும் 1876இல் அதே குந்தர்தான் விவரித்தார். அதுவும் நூறாண்டுக்கு மேல் மறைந்து, 2016இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

புதர்த்தவளைகள் இன்னும் ஒரு படி மேலே போய் நீரையே விட்டுவிட்டன. பெரும்பாலான இனங்கள் முட்டைகளை இலை மேலோ, சருகுக்கடியிலோ, ஈரமண்ணிலோ இடுகின்றன. வெண்புள்ளிப் புதர்த்தவளை எங்கே இடுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது இந்த நூற்றாண்டில்தான். முதல் தடயம் வேறொரு இனத்திடமிருந்து வந்தது. கேரளத்தின் கக்கயம் காட்டில் கே.வி. குருராஜாவும் அவருடைய சகாக்களும் 2007இல் ஒரு புதிய புதர்த்தவளையை விவரித்தார்கள். அது ஈத்தையின் பொள்ளலுக்குள் வாழ்வதைப் பார்த்து, ஈத்தையின் பேரினமான ஒக்லாண்ட்ராவின் பெயரையே தவளைக்கும் வைத்தார்கள். பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த கே.எஸ். சேஷாத்ரி, குருராஜாவோடும் டேவிட் பிக்ஃபோர்டோடும் சேர்ந்து களக்காடு முண்டந்துறையில் வெண்புள்ளிப் புதர்த்தவளையைப் பின்தொடர்ந்தார். 2015இல் அச்சில் வந்த அவர்கள் கட்டுரை, தவளைகள் இனப்பெருக்கம் செய்யும் முறைகளில் அதுவரை பதிவாகாத ஒன்றை விவரித்தது. உலகம் முழுவதும் அப்படிப்பட்ட முறைகள் ஏறக்குறைய நாற்பதுதான் அறியப்பட்டிருந்தன. அந்தப் பட்டியலில் திருநெல்வேலி மாவட்டத்து மலையிலிருந்து ஒன்று சேர்ந்தது என்பது நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய விஷயம். பள்ளிப் புத்தகத்தில் இது ஒரு பத்தியாவது இடம்பெற வேண்டும்.

அந்த முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

ஈத்தை மூங்கில் இனம்தான், ஆனால் நாம் பந்தலுக்கு நடும் கெட்டி மூங்கில் வேறு. இதன் தண்டு மெல்லியது, சுவர் இன்னும் மெல்லியது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே அரை மீட்டர் வரை நீளும் வெற்றுக் குழல். உயிருள்ள பச்சைத் தண்டின் உள்ளே எப்போதும் ஈரம். வெளியே காற்றடித்தாலும் வெயிலடித்தாலும் உள்ளே பெரிய மாற்றம் இராது. தோல் வழியாக நீரை உறிஞ்சி, தோல் வழியாகவே பாதி மூச்சையும் விடும் ஓர் உயிருக்கு இதைவிடத் தோதான அறை காட்டில் கிடைக்காது. ஆனால் குழல் நான்கு பக்கமும் அடைபட்டது. துளைபோடத் தவளைக்குப் பல்லும் இல்லை, வலுவும் இல்லை. பூச்சியோ எலியோ எப்போதோ கடித்துவைத்த கீறல் வேண்டும். அதுவும் குழலின் அடிப்பகுதியில், கணுவை ஒட்டி இருக்க வேண்டும். மேலே இருந்தால் மழைநீர் இறங்கிக் கீழே தேங்கிவிடும். அடியில் இருந்தால் வந்த நீர் வடிந்துவிடும். இப்படி எல்லாம் பொருந்திய தண்டு ஆயிரம் தண்டு நிற்கும் காட்டிலும் அபூர்வம்தான்.

ஆண்தவளை அப்படிப்பட்ட ஒன்றைக் கண்டுபிடித்ததும் உடலைத் தட்டையாக்கிக்கொண்டு கீறல் வழியே நுழைகிறது. வழுக்கும் உட்சுவரில் நிற்க அதன் விரல் நுனிகள் உதவுகின்றன. வட்டத் திண்டுகளாக அகன்ற அந்த நுனிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அறுகோணச் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும், இடையே வாய்க்கால்கள் ஓடும். அவற்றில் ஊறும் மெல்லிய சளிப்படலம்தான் பிடிமானம். உள்ளே அமர்ந்து கூப்பிடத் தொடங்குகிறது. குரல் கேட்டு வரும் பெண் அதே கீறலில் நுழைந்து முட்டையிட்டுவிட்டு வெளியேறிவிடும். ஆண் போகாது. மறுபடி கூப்பிடும். வேறொரு பெண்ணும் வரலாம், இன்னொரு ஈடும் அதே குழலுக்குள் சேரலாம். எல்லா ஈட்டுக்கும் காவல் அந்த ஒரே தந்தைதான். பகல் முழுக்க முட்டைகளோடு இருக்கும். இரை தேட மாலையில் கொஞ்ச நேரம் வெளியே போய்த் திரும்பும்.

தண்டைப் பிளந்து பார்த்தால் அதோடு கூடு பாழ். அதனால் மருத்துவர்கள் வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பதைப் போன்ற மெல்லிய குழாய்க் கேமராவை ஆய்வாளர்கள் கீறல் வழியே செலுத்தி உள்ளே நடப்பதைக் கவனித்தார்கள். பொறுமை வேண்டிய வேலை. அட்டை கடிக்கும் காடு, ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மலை, யானை நடமாடும் வழி. இரவில், ஒவ்வொரு தண்டாக.

ஆண் எதற்காக இப்படிக் காவல் இருக்க வேண்டும்? சேஷாத்ரியும் பிக்ஃபோர்டும் 2018இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதற்கு விடை தேடியது. சில குழல்களில் தந்தையை மட்டும் அகற்றிவிட்டு முட்டைகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். காவலற்ற முட்டைகளில் பெரும்பகுதி அழிந்தது. அழித்தது யார் என்பதுதான் அதிர்ச்சி. எறும்பு, பூஞ்சை, பாம்பு என்று நாம் சந்தேகப்படக்கூடிய பட்டியல் நீளம். ஆனால் முக்கியமான எதிரி அதே இனத்தின் இன்னோர் ஆண். உள்ளே புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுகிறது. அதை நான் கொடூரம் என்று சொல்லமாட்டேன். கீறலுள்ள குழல் அரிது என்பதை நினைத்துப் பார்த்தால் கணக்கு புரியும். வயிறும் நிரம்புகிறது, வீடும் கிடைக்கிறது, தன் வாரிசுக்கு இடமும் கிடைக்கிறது. ஆகவே உள்ளே இருக்கும் தந்தை அந்நிய ஆணின் அரவம் கேட்டதும் தனிக் குரல் எழுப்பி எச்சரிக்கும். மீறி வந்தால் பாய்ந்து முட்டித் தள்ளும். இரண்டரை சென்டிமீட்டர் உடலை வைத்துக்கொண்டு, இருட்டில், கையகலம்கூட இல்லாத குழலுக்குள் நடக்கும் போர் இது. தவளைகளை மந்தமான பிராணிகள் என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை படித்தால் போதும்.

தண்ணீரின் ஆபத்துகளிலிருந்து விடுபட்ட தவளை, ஈத்தையிடம் முழுசாகச் சிக்கிக்கொண்டது. இந்த இனத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இங்கேயே வந்து நிற்கிறது. ஈத்தை நன்றாக இருந்தால் தவளை இருக்கும். ஈத்தையும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மற்ற மூங்கில்களைப்போல அதுவும் ஒரு கட்டத்தில் கூட்டமாகப் பூத்து, சதைப்பற்றுள்ள பெரிய காய்களைக் காய்த்து, மடிந்துவிடும். அப்போது ஒரு பள்ளத்தாக்கின் தூறுகள் அத்தனையும் ஒருசேரக் காயும். விதைகள் முளைத்துப் பொள்ளலுள்ள தண்டாக வளரும்வரை தவளை பக்கத்துத் தூறுகளில் பிழைத்திருக்க வேண்டும். காடு பரந்து கிடந்த காலத்தில் அது சிரமமில்லை. காடு துண்டு துண்டாகிவிட்ட இடத்தில் பக்கத்துத் தூறு என்று ஒன்று இல்லாமலே போகலாம்.

இன்னொரு பக்கம் மனிதத் தேவை. ஈத்தையை நம்பி நெடுங்காலமாகப் பலர் பிழைக்கிறார்கள். பொதிகை மலையின் காணிக்காரர்கள் குடிசைக்குச் சுவரும் கூரையும் அதில்தான் அமைத்தார்கள். கேரளத்தில் பாய் முடைவோருக்கும் கூடை பின்னுவோருக்கும் அதுதான் மூலப்பொருள். காணிக்காரர் ஒரு குடிசைக்கு வெட்டும் அளவால் ஒரு தவளை இனம் அழிந்துவிடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், பழியைச் சுமத்த எளிதான இடம் அது என்பதால். காகிதக் கூழுக்காக லாரி லாரியாகப் போனது வேறு கணக்கு. கேரளத்துக் காகித ஆலைகளுக்குப் பல பத்தாண்டுகள் ஈத்தை போயிருக்கிறது. வெட்டும்போது முற்றிய தண்டுகள்தான் முதலில் போகும், துளை விழுந்திருக்க அதிக வாய்ப்புள்ளவையும் அவைதான். வெட்டிய பிறகு மிஞ்சி நிற்கும் அடிக்கட்டையும் தவளைக்கு உதவாது. வாய் திறந்த குழலில் மழைநீர் நிரம்பிவிடும், நீரில் மூழ்கி வளர அந்த முட்டைகள் படைக்கப்படவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் நிலைமை ஓரளவு ஆறுதல். களக்காடும் முண்டந்துறையும் 1988இல் இணைந்து புலிகள் காப்பகமாயின. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. புலிக்கு வகுத்த வேலி தவளைக்கும் பயன்படுகிறது. ஆனால் தவளைக்கு மாநில எல்லை தெரியாது, மலையின் மறுசரிவு கேரளம். அங்கும் பாதுகாக்கப்பட்ட காடுகள் உண்டு, வெட்டு நடக்கும் காடுகளும் உண்டு.

வேலியால் தடுக்க முடியாதவையும் இருக்கின்றன. உலகின் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வி இனங்களை ஆராய்ந்து 2023 அக்டோபரில் நேச்சர் இதழில் வந்த மதிப்பீடு, நூற்றுக்கு 41 இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. முதுகெலும்பிகளில் இத்தனை மோசமான நிலையில் வேறு எந்த வகுப்பும் இல்லை. அண்மைக் காலத்தில் நிலை தாழ்ந்த இனங்களுக்குக் காரணமாகக் காலநிலை மாற்றம் முன்னுக்கு வந்திருக்கிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. சமவெளிப் பிராணி வெப்பம் கூடினால் மலையேறலாம். ஏற்கெனவே மேகம் படியும் உயரத்தில் இருப்பவை எங்கே ஏறும்?

இலங்கையில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. நம் புதர்த்தவளைகளுக்கு மிக நெருங்கிய உறவு இலங்கையின் சூடோஃபிலாட்டஸ் பேரினம். அவற்றிலும் தலைப்பிரட்டைப் பருவம் இல்லை, அவையும் மலைக்காட்டுக்காரர்கள். அந்த ஒரே பேரினத்தில் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அற்றுப்போனவையாகப் பதிவாகியிருக்கின்றன. பல இனங்கள் வாழ்ந்ததற்கு மிஞ்சிய சாட்சி, அருங்காட்சியகக் கண்ணாடிக் குப்பிகளில் இருக்கும் பழைய உடல்கள் மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்திய மலைநாட்டுக் காடுகள் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக அழிக்கப்பட்டன. அந்த வேலைக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் நம் மக்கள், அவர்கள் பட்ட துயரம் தனிக் கதை. அந்தக் காடு எதையெல்லாம் கொண்டிருந்தது என்று யாரும் எழுதி வைப்பதற்குள் அது போய்விட்டது. ஒரே ஆறுதல், 1853இல் விவரிக்கப்பட்டு அழிந்ததாகவே கருதப்பட்ட ஸ்டெலாட்டஸ் என்ற தவளை சிவனொளிபாத மலைக் காட்டில் உயிரோடு கிடைத்தது, 2013இல் அது ஆய்விதழில் பதிவானது. தவளை தப்பியது காடு தப்பிய இடத்தில்.

வெண்புள்ளிப் புதர்த்தவளைக்குச் செய்ய வேண்டியது பெரிய திட்டமோ கோடிக்கணக்கான பணமோ கேட்பதில்லை. ஓடைக்கரையில் நிற்கும் ஈத்தைத் தூறுகளை வெட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். மற்ற இடங்களில் வெட்டினாலும் தூறுக்குச் சில முற்றிய தண்டுகளை விட்டுவைக்க வேண்டும். தவளைகள் முட்டையோடு இருக்கும் மழை மாதங்களில் அரிவாளை ஓய்த்து வைக்க வேண்டும். ஈத்தை வெட்டுபவர்கள் காட்டை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள், கீறலுள்ள தண்டை அடையாளம் காட்டச் சொன்னால் அவர்களே காட்டுவார்கள். அவர்கள் கூலி குறையாமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநில வனத்துறைகளும் தத்தம் வேலைத் திட்டங்களில் இதற்காக ஒரு பத்தி சேர்க்க வேண்டும். மலைக்குச் சுற்றுலா போகும் நம்மிடம் அந்தத் தவளை கேட்பது இன்னும் குறைவு. ஓடையோரத்து ஈத்தையை ஒடிக்காதீர்கள்.